வீட்டு ஆடியோ செட்டில் எதை முதலில் மாற்றுவது? குறையை வைத்து முடிவு செய்யும் வழி

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஆடியோ செட் வைத்திருப்பவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: கையில் இருக்கிற பணத்துக்கு முதலில் ஆம்ப்ளிஃபயரை மாற்றுவதா, ஸ்பீக்கரை மாற்றுவதா? எல்லா வீட்டுக்கும் பொருந்துகிற ஒரே பதில் இதற்குக் கிடையாது. காதில் விழுகிற குறை எது, அது எந்த இடத்தில் பிறக்கிறது என்பதைக் கண்டுபிடித்துவிட்டால், மாற்ற வேண்டிய பொருள் எது என்பதும் தெரிந்துவிடும். சில வீடுகளில் எதையுமே மாற்ற வேண்டியதில்லை என்பதும் அப்போதுதான் தெரியும்.

பாட்டைத் தரும் கருவி, அதை வலுப்படுத்தும் ஆம்ப்ளிஃபயர், ஒயர், ஸ்பீக்கர், ஒலி பரவுகிற அறை என்று ஐந்தையும் கடந்துதான் பாட்டு நம் காதுக்கு வருகிறது. இவற்றில் அறையை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் சுண்ணாம்புப் பூச்சும் ஆத்தங்குடிக் கல்லும் உயர்ந்த மேற்கூரையுமாகக் கட்டப்பட்ட செட்டிநாட்டு வீட்டில் மற்ற நான்கையும் விட அறைதான் ஒலியை அதிகமாக மாற்றுகிறது. ஆகவே சென்னையில் ஓர் அடுக்ககத்துக்குச் சொல்லப்படும் வரிசையை இங்கே அப்படியே பின்பற்றினால் பணம் வீணாகும்.

சோதனையைத் தொடங்குமுன் சில ஒழுங்குகள் தேவை. நீங்கள் நன்றாக அறிந்த இரண்டு மூன்று பாடல்களை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்று, பக்கவாத்தியம் குறைவாகவும் குரல் தனித்தும் ஒலிப்பதாக இருக்கட்டும். எப்போதும் ஒரே இடத்தில் உட்கார்ந்து கேளுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டு பொருள்களை ஒப்பிடும்போது சத்த அளவு சமமாக இருப்பது மிக முக்கியம், ஏனென்றால் சற்றே கூடுதலான சத்தத்தில் பாடுவது எதுவோ அதுவே நல்ல பொருள் என்று காது முடிவு கட்டிவிடும்.

குறை: பாட்டு கேட்கிறது, சொல் விளங்கவில்லை

இந்தப் பகுதியில் நான் அதிகம் கேட்கிற முறையீடு இதுதான். கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி இதை ஒரே வரியில் சொன்னார்கள்: "சத்தம் வீடு பூரா கேக்குதுப்பா, என்ன பாடுறாகன்னுதான் வெளங்கல." இந்த நிலையில் பெரும்பாலானோர் ஆம்ப்ளிஃபயரை மாற்றுகிறார்கள். அதனால் சத்தம்தான் கூடும், சொல் தெளியாது.

முதலில் கையைத் தட்டிப் பாருங்கள். செட்டை அணைத்துவிட்டு, நீங்கள் வழக்கமாக உட்காரும் இடத்தில் நின்று ஒரு முறை பலமாகத் தட்டுங்கள். தட்டிய ஓசை உடனே அடங்காமல் அறைக்குள் நீண்டு ஒலித்தால், ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒவ்வொரு எழுத்தும் அதைப் போலவே நீண்டு அடுத்த எழுத்தின்மேல் விழுகிறது என்று பொருள். க, ச, ட, த போன்ற வல்லின ஒலிகள் குறுகியவை, வலுக் குறைந்தவை. முன்னே வந்த உயிரெழுத்தின் நீளும் ஓசையில் அவை முதலில் மூழ்கிப்போகின்றன.

இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒரு விரிவுரைக் கூடத்தில் பேச்சு விளங்கவில்லை என்ற சிக்கலை 1895இல் கையில் எடுத்த வாலஸ் சபைன், வேறொரு அரங்கத்தின் இருக்கை மெத்தைகளைக் கொண்டுவந்து அடுக்கி, ஒவ்வொரு அளவு மெத்தைக்கும் ஓசை எத்தனை விநாடியில் அடங்குகிறது என்று அளந்தார். அவர் கண்ட விதி எளிது: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, ஒலியை உறிஞ்சும் மொத்தப் பரப்பால் வகுத்தால், ஓசை அடங்கும் நேரம் விநாடியில் கிடைக்கும். 6 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், 4.5 மீட்டர் உயரம் உள்ள ஓர் அறையை எடுத்துக்கொள்வோம். கன அளவு 108 கன மீட்டர். சுவர், தரை, மேற்கூரை எல்லாம் சேர்ந்து 138 சதுர மீட்டர். வழவழப்பான பூச்சும் கல்லும் தம்மேல் விழும் ஒலியில் ஏறத்தாழ நூற்றுக்கு இரண்டு பங்கைத்தான் உறிஞ்சும் என்று வைத்தால், உறிஞ்சும் பரப்பு 2.8 சதுர மீட்டருக்கும் குறைவு. ஓசை அடங்க 6 விநாடிக்கு மேல் ஆகும். வீட்டில் பாட்டுக் கேட்க அரை விநாடி அளவே பொருத்தமானது. அலமாரியும் ஆட்களும் சேர்ந்தால் இந்த நேரம் குறையும் என்றாலும், வெற்று அறையின் நிலை இதுதான்.

இப்போது பரணிலோ பெட்டக அறையிலோ கிடக்கும் இலவம்பஞ்சு மெத்தைகளை எடுத்து வாருங்கள். ஒற்றை மெத்தைகள் ஆறு கிடைத்தால் அவற்றின் பரப்பு சுமார் 10 சதுர மீட்டர். ஸ்பீக்கருக்கு எதிர்ச்சுவரிலும் இரு பக்கச் சுவர்களிலும் அவற்றை நிறுத்திச் சாய்த்து வைத்து, அதே பாட்டை அதே சத்தத்தில் மறுபடியும் கேளுங்கள். தடித்த மெத்தை, பேச்சுக்கு உரிய ஒலிகளில் நூற்றுக்கு எழுபது பங்கை உறிஞ்சுகிறது என்று வைத்தால், அடங்கும் நேரம் 2 விநாடிக்குக் கீழே இறங்கிவிடும். சொற்கள் மெத்தைக்கு முன்பு ஒருவிதமாகவும் மெத்தைக்குப் பின்பு வேறுவிதமாகவும் கேட்டால், உங்கள் முதல் செலவு அறைக்குத்தான். மெத்தை வைத்த பிறகும் குரல் மங்கலாகவே இருந்தால்தான் ஸ்பீக்கரைச் சந்தேகிக்க வேண்டும்.

அறைக்கான செலவு பெரிதன்று. இரண்டடிக்கு நாலடி மரச்சட்டத்தில் நான்கு அங்குலக் கனத்துக்கு ராக் வூலோ இலவம்பஞ்சோ அடைத்து, காற்று புகக்கூடிய பருத்தித் துணியால் போர்த்தினால் நல்ல உறிஞ்சும் பலகை கிடைக்கும். பழைய கண்டாங்கிச் சேலை இதற்கு அழகாகவும் பொருத்தமாகவும் அமைகிறது. அந்தச் சட்டத்துக்குக் கால் வைத்துத் தரையில் நிறுத்துங்கள். பழைய செட்டிநாட்டுப் பூச்சில் ஆணி அடிக்க வேண்டாம் என்று மன்றாடிக் கேட்கிறேன். ஒரு முறை அந்தப் பூச்சு விரிசல் விட்டால், அதே பளபளப்போடு ஒட்டுப்போடத் தெரிந்த கைகள் மிகக் குறைவு. சுவரோடு ஒட்டித் தொங்கும் மெல்லிய திரை கூர்மையான ஒலிகளை மட்டுமே சிறிது தடுக்கும். கனத்த துணியை மடிப்பு மடிப்பாக, சுவரிலிருந்து நான்கு அங்குலம் தள்ளித் தொங்கவிட்டால் பயன் கூடும். ஆத்தங்குடித் தரையில் ஸ்பீக்கருக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு கனத்த ஜமக்காளம் விரிப்பதும் நல்லது. முட்டை அட்டைகளால் குறிப்பிடத்தக்க பலன் இல்லை.

வளவில், அதாவது வீட்டின் நடுவே வானம் பார்த்த முற்றத்தில், செட் வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். திறந்த வானம் தன்னை அடையும் ஒலியில் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. சபைன் தமது அளவீட்டுக்கு அலகாகக் கொண்டதே திறந்த ஜன்னலின் பரப்புதான். திறந்த வளவில் மேளச் சத்தம் அவ்வளவு தெளிவாகக் கேட்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மழைக்கும் குரங்குக்கும் பயந்து வளவின் மேலே கண்ணாடி இழைத் தகடு போட்டு மூடிய வீடுகளில், முன்பு நன்றாக ஒலித்த அதே செட் திடீரென்று இரைச்சலாகிவிட்டது என்று சொல்கிறார்கள். செட்டில் எதுவும் கெடவில்லை. அந்த வீட்டில் ஸ்பீக்கர்களை வளவிலிருந்து ஓர் உள்ளறைக்கு மாற்றுவதும், கேட்பவர் ஸ்பீக்கருக்கு அருகே, ஆறேழு அடிக்குள் உட்காருவதும், எந்தப் புதுப் பொருளையும் விடப் பெரிய மாற்றத்தைத் தரும்.

குறை: சத்தத்தைக் கூட்டினால் கரகரக்கிறது

இங்கே இரண்டு கேள்விகள். கரகரப்பு ஒரு பக்கம் மட்டுமா, இரு பக்கமுமா? சத்தம் குறைவாக இருக்கும்போதும் வருகிறதா, கூட்டினால் மட்டும் வருகிறதா?

ஒரு பக்கம் மட்டும் என்றால், செட்டை அணைத்துவிட்டு ஆம்ப்ளிஃபயரின் பின்புறத்தில் இடது, வலது ஸ்பீக்கர் ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். கரகரப்பு அதே ஸ்பீக்கரில் நின்றால் குற்றம் ஸ்பீக்கரிலோ அதன் ஒயரிலோ இருக்கிறது. அடுத்த ஸ்பீக்கருக்குத் தாவினால் ஸ்பீக்கர் நிரபராதி. அடுத்ததாகப் பாட்டுத் தரும் கருவியின் இடது, வலது ஒயர்களை மாற்றிச் செருகி, குற்றம் ஆம்ப்ளிஃபயரிலா அந்தக் கருவியிலா என்று பிரிக்கலாம். செலவே இல்லாத இந்த இரண்டு மாற்றங்களைச் செய்யாமல் யாரும் கடைக்குப் போகக் கூடாது.

குற்றம் ஸ்பீக்கரில் என்று தெரிந்தால், முன்பக்க வலைத்துணியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். வூஃபரின் (தாழ்ந்த ஒலிகளைத் தரும் பெரிய ஸ்பீக்கரின்) கூம்பைச் சட்டத்தோடு இணைக்கும் வளையம் பல பழைய ஸ்பீக்கர்களில் நுரையால் ஆனது. நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அந்த நுரை இற்றுப்போகிறது: விரல் நுனியால் தொட்டால் கறுத்த, பிசுபிசுப்பான துகளாக உதிரும், டார்ச் வெளிச்சத்தில் வளையத்தைச் சுற்றி மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியும். வளையம் நன்றாக இருந்தால், இரு கைகளின் விரல்களையும் கூம்பின் மையத்துக்கு இருபுறமும் சமமாக வைத்து மெல்ல உள்ளே அழுத்துங்கள். ஓசையின்றிப் போய் வந்தால் நல்லது. மணலில் உரசுவது போலக் கேட்டால் கூம்பின் பின்னால் உள்ள கம்பிச் சுருள் தன் இடத்திலிருந்து விலகியிருக்கிறது. இற்றுப்போன நுரை வளையத்தை மட்டும் மாற்றலாம், மதுரையிலும் சென்னையிலும் இந்த வேலை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். கனமான மரப்பெட்டியோடு கூடிய பழைய ஸ்பீக்கராக இருந்தால், அதை வீசிவிட்டுப் பிளாஸ்டிக் பெட்டி வாங்குவதை விட வளையம் மாற்றுவதே மேல்.

இரு பக்கமும் கரகரத்து, அதுவும் கூட்டும்போது மட்டும் என்றால், ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மேல் இழுக்கிறது. இந்நிலையில் தொடர்ந்து ஓட்டினால், உயர்ந்த ஒலிகளைத் தரும் சிறு ஸ்பீக்கரான ட்வீட்டர் கருகும். ஆனாலும் உடனே பெரிய ஆம்ப்ளிஃபயர் வாங்கிவிட வேண்டாம். வாட்டை இரு மடங்காக்கினால் கிடைப்பது 3 டெசிபல் மட்டுமே. காதுக்கு இரு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல், அதாவது பத்து மடங்கு வாட் தேவை. மறுபக்கம் ஸ்பீக்கர்களில் ஒரு வாட்டுக்கு ஒரு மீட்டர் தொலைவில் 85 டெசிபல் தருவதும் உண்டு, 91 டெசிபல் தருவதும் உண்டு. இரண்டாவது வகையை 25 வாட்டில் ஓட்டினால், முதல் வகையை 100 வாட்டில் ஓட்டிய சத்தம் கிடைக்கும். ஆகவே பெரிய கூடத்தை நிரப்ப வேண்டியவர்கள், ஸ்பீக்கரின் இந்த எண்ணை முதலில் பார்த்து, அதற்குப் பிறகே வாட்டைப் பார்க்க வேண்டும். அட்டைப்பெட்டியில் பி.எம்.பி.ஓ. என்று ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் எண்ணை முழுவதும் ஒதுக்கிவிட்டு, தொடர்ந்து தரக்கூடிய வாட்டைக் குறிக்கும் ஆர்.எம்.எஸ். என்று போட்டிருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறை: பாட்டு இல்லாதபோதும் "உம்ம்" என்ற இரைச்சல்

செட்டின் எல்லா உள்ளீட்டு ஒயர்களையும் பிடுங்கிவிட்டு ஸ்பீக்கரை மட்டும் விட்டுவைத்துக் கேளுங்கள். இரைச்சல் அப்படியே இருந்தால் ஆம்ப்ளிஃபயருக்குள் மின்தேக்கிகள் வயதாகியிருக்கலாம். மெக்கானிக்கிடம் கொடுங்கள், நீங்களே திறக்க வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பின்பும் அவற்றில் மின்சாரம் தங்கியிருக்கும். இரைச்சல் நின்றுவிட்டால், ஒயர்களை ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகியதும் திரும்புகிறதோ அந்தக் கருவி வழியாக எர்த் சுற்று (இரண்டு எர்த் வழிகள் இணைந்து உண்டாகும் வளையம்) உண்டாகிறது. பெரும்பாலும் கேபிள் டிவி ஒயரோடு வரும் செட்டாப் பாக்ஸ்தான் அது. எல்லாக் கருவிகளையும் ஒரே ஸ்விட்ச் போர்டிலிருந்து ஓட்டிப் பார்ப்பது முதல் மருந்து.

நம் பழைய வீடுகளில் இதற்கு இன்னொரு காரணம் உண்டு. வயரிங் போட்ட காலத்தில் எர்த் கம்பியே இழுக்காத அறைகள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. ஆம்ப்ளிஃபயரின் உலோக உடலைத் தொட்டால் விரலில் சுர்ரென்று ஏறினால், அது ஒலிக் குறை என்ற எல்லையைத் தாண்டி உயிருக்கு ஆபத்தான நிலை. ஸ்பீக்கர் வாங்க வைத்திருந்த பணத்தில் எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, எர்த் குழியையும் கம்பியையும் சரிசெய்யுங்கள். இரைச்சல் நிற்கிறது என்பதற்காகப் பிளக்கின் எர்த் முனையை வெட்டுவதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

குறை: விட்டு விட்டு ஒலிக்கிறது, குமிழைத் திருகினால் பொரிகிறது

திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும் திறக்கும் வீடுகளில் இது சாதாரணம். மாதக்கணக்கில் ஓடாத செட்டின் குமிழ்களிலும் செருகிகளிலும் மங்கல் படிந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுக் குமிழ்களைக் கோடிக்குக் கோடி இருபது முப்பது முறை திருகுங்கள், செருகிகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகுங்கள். போதவில்லை என்றால் எலெக்ட்ரானிக்ஸ் கடையில் கான்டாக்ட் கிளீனர் புட்டி கிடைக்கும். எதையும் மாற்ற வேண்டாம்.

குறை: அடிநாதம் இல்லை, அல்லது ஒரேயடியாக அதிர்கிறது

மிருதங்கத்தின் தொப்பியும் (தாழ்ந்த ஒலி தரும் பக்கம்) தவிலின் தொப்பியும் காணாமல் போய், குரலும் நடுவில் நிற்காமல் அறை முழுவதும் சிதறினால், ஒரு ஸ்பீக்கரின் ஒயர் தலைகீழாக மாட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இரண்டு கூம்புகளும் ஒன்று முன்னே வரும்போது மற்றது பின்னே போய், தாழ்ந்த ஒலிகளை ஒன்றையொன்று அழித்துவிடுகின்றன. ஒயரை ஆம்ப்ளிஃபயரிலிருந்து கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரியின் நேர்முனையைச் சிவப்பு ஒயரிலும் எதிர்முனையைக் கறுப்பு ஒயரிலும் நொடிப்பொழுது தொடுங்கள். இரண்டு வூஃபர்களும் முன்னே தள்ள வேண்டும். ஒன்று உள்ளே போனால், அந்த ஒயரைத் திருப்பி மாட்டுங்கள்.

அதிர்வு மிகுதியானால் அது இடத்தால் வருவது. மூலையில் வைத்த ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலியைப் பெருக்கும்; சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி முன்னே இழுத்து வையுங்கள். எதிரெதிர்ச் சுவர்களுக்கு இடையே 4 மீட்டர் இருந்தால் 43 ஹெர்ட்ஸ் அளவில் ஒலி தேங்கி நிற்கும். மெல்லிய தடுப்புச் சுவர் இதில் ஒரு பங்கைத் தானே அதிர்ந்து விழுங்கிவிடும். நம் வீடுகளின் கனத்த செங்கல் சுவர்கள் விழுங்குவதில்லை. ஆகவே சப்வூஃபர் (மிகத் தாழ்ந்த ஒலிக்கு மட்டுமான ஸ்பீக்கர்) வாங்கும் ஆசை உள்ளவர்கள், அதை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து ஓடவிட்டு, அறையின் சுவரோரமாகக் குனிந்து நடந்து, எந்த இடத்தில் தாழ்ந்த ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே அதை நிரந்தரமாக வைக்க வேண்டும். திறந்த வளவில் நிலைமை நேர்மாறு. அங்கே சிறிய ஸ்பீக்கருக்கு அடிநாதம் தங்கவே தங்காது, சப்வூஃபருக்கான செலவு அங்குதான் நியாயமானது.

குறை: ஒலி மெலிந்து, கூசுகிறது

பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். குறுவட்டில் விநாடிக்கு 1,411 கிலோபிட் தகவல் இருக்கிறது; கை மாறிக் கை மாறி வந்த எம்.பி.3 கோப்பில் 128 அல்லது அதற்கும் குறைவு. பாடல் செயலியில் தரத்தை "தானாக" என்பதிலிருந்து உயர்ந்த அளவுக்கு மாற்றுங்கள், புளூடூத்தை விட்டுவிட்டு ஒரு முறை ஒயர் வழியே கேளுங்கள். இதிலேயே தெளிந்தால் வேறு செலவு இல்லை. தனியாக டி.ஏ.சி. (டிஜிட்டல் பாட்டை ஆம்ப்ளிஃபயருக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் கருவி) வாங்குவது என் பார்வையில் கடைசிக்கு முந்தைய வேலை. கைப்பேசியிலோ கணினியிலோ இருப்பது கெட்டுப்போயிருந்தால் ஒழிய, வித்தியாசம் சிறிது.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு

காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் படத்தயாரிப்புக்கு வருமுன் இசைத்தட்டு வணிகத்தில்தான் இருந்தார். இங்கே பழைய வீட்டுப் பெட்டிகளில் தட்டுகள் இன்றும் கிடைக்கின்றன. தட்டின் ஓரத்தில் தெளிவாகவும் நடுவை நெருங்க நெருங்கக் கரகரப்பாகவும் பாடினால், முதலில் மாற்ற வேண்டியது ஊசி. வைர ஊசியின் ஆயுள் பொதுவாக 500 முதல் 1,000 மணி நேரம். தேய்ந்த ஊசி தட்டையே செதுக்கிவிடும், தட்டு திரும்பக் கிடைக்காது. நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் அரக்குத் தட்டுக்குச் சுமார் 75 மைக்ரான் முனை வேண்டும். நெடுந்தட்டின் (எல்.பி.) 18 மைக்ரான் முனை அந்தப் பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் பொறுக்கும். ஒலி மிகச் சன்னமாக, அடிநாதமே இல்லாமல் வந்தால், ஊசி தரும் மெல்லிய ஒலியைப் பெருக்கிச் சமன்செய்யும் ஃபோனோ பிரீஆம்ப் இல்லாமல் சாதாரண ஆக்ஸ் வழியில் செருகியிருக்கிறீர்கள் என்று பொருள். அந்தச் சிறு பெட்டியை மட்டும் வாங்குங்கள்.

குறை எதுவும் இல்லை, மேம்படுத்த விருப்பம் மட்டும்

அப்படியானால் அறைக்கு அடுத்து ஸ்பீக்கர். செலவிடும் தொகையில் பாதிக்கு மேல் அதற்கே ஒதுக்கலாம், ஏனென்றால் நல்ல நிலையில் உள்ள இரண்டு ஆம்ப்ளிஃபயர்களுக்கு இடையே கேட்கும் வித்தியாசத்தை விட இரண்டு ஸ்பீக்கர்களுக்கு இடையே கேட்கும் வித்தியாசம் பல மடங்கு பெரிது. ஒயருக்குத் தனிச் செலவு தேவையில்லை. வீட்டுப் பிளக் பாயின்ட்டுக்கு இழுக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி 10 மீட்டர் போய்த் திரும்பினால் தடை 0.15 ஓம்தான், 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்டில்லை, முகப்பிலிருந்து இரண்டாங்கட்டு வரை இழுத்தாலும் தாங்கும்.

காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் உள்ள முனீஸ்வரன் கோவில் தெருவிலோ வேறெங்கோ பழைய ஸ்பீக்கர் வாங்குபவர்கள், மேலே சொன்ன டார்ச், விரல், பேட்டரி ஆகிய மூன்று சோதனைகளையும் கடையிலேயே செய்துவிட்டு, பெட்டியின் அடிப்பலகையில் கறையான் தடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். புதியதோ பழையதோ, இரண்டு நாள் வீட்டில் வைத்துக் கேட்டுவிட்டு முடிவு சொல்ல ஒப்புக்கொள்ளும் கடையில் வாங்குங்கள்; குளிரூட்டி, தரைவிரிப்பு போட்ட காட்சி அறையில் கேட்ட ஒலி உங்கள் அறைக்கு வரும்போது அப்படியே வராது.